வன்னியைச் சுற்றிய வெள்ளிக்கிழமைகள்

1

ஊர்ப்பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுக்க எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. செய்தி தெரிந்த நாளிலிருந்து சங்கரன்கோவிலிலிருந்து வருகிற எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்விதான்: எப்போது வருகிறாய்? அம்மா கேட்கிறாள், கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள். டெல்லியில் அப்படி ஒட்டிக்கொண்டு கிடக்க என்ன இருக்கிறது, பனியும் வெயிலும்தானே என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் இரண்டையும் பார்த்ததில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதச் சோம்பல். அதைவிட, உள்ளதை எழுதினால் சிரிப்பார்களே என்ற வெட்கம். வன்னி மரத்தைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்து ஆய்வேடும் கொடுத்துவிட்டவள், அந்த மரத்தை விட்டுவிட்டு வரப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மரத்தின்மேல் பாசம் என்றால்கூட ஒப்புக்கொள்வார்கள். பாசமெல்லாம் இல்லை, பயம்தான். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் ஒன்றாகச் சிரித்து முடிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் விடுதியில் குளித்துவிட்டு, ஆர்.கே.புரம் போகிற பஸ்ஸைப் பிடிப்பேன். மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தோடு இறங்கி, கோவில் பக்கம் திரும்பாமல், பின்னால் இருக்கிற பாறைக்காட்டுக்குள் நடப்பேன். அங்கே ஒரு வன்னி நிற்கிறது. அதை மூன்று முறை சுற்றிவிட்டுத் திரும்பி, அடுத்த பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய்விடுவேன். கும்பிடுவது கிடையாது. யாராவது பார்த்தால் மரத்தை ஆராய்கிற மாதிரி பட்டையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு காலத்தில் உண்மையிலேயே ஆராய்ந்தவள்தானே, நடிக்கச் சிரமம் இல்லை.

2

டெல்லிக்கு நான் வந்ததே கோமதி அக்கா இங்கே இருந்ததால்தான். அத்தானுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. கிட்வாய் நகரில் ஒன்றரை அறை குவார்ட்டர். மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததும், பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அப்பா ஒரு மாதம் தூங்கவில்லை. அக்கா வீடு இருக்கிறது என்ற ஒன்றைக் காட்டித்தான் ரயில் ஏறினேன்.

என் பெயர் ஆவுடை. ஊரில் தெருவுக்கு நாலு ஆவுடை உண்டு. இங்கே அந்தப் பெயரை ஒருவரும் முழுசாகச் சொல்லிக் கேட்டதில்லை. என் பேராசிரியர் பஞ்சாபி, பெரிய தலைப்பாகை, சின்னக் குரல். ‘மிஸ் அவ்தாய்’ என்று கூப்பிடுவார். முதலில் கோபம் வந்தது. பிறகு நானே போனில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை எப்போது போனது என்று கேட்டால், ஆய்வுக்கூடத்தில் இலையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது என்று சொல்லத்தான் ஆசை. கேட்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. நான் வந்த முதல் குளிர்காலத்தில் அக்காவுக்கு இரண்டாவது தடவையாகக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பெயர் எல்லாவற்றையும் சொல்லி வேண்டினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் வெளியே வந்து, இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு இந்தி அப்போது அரைகுறை. அவள் சொன்னது நல்ல செய்தி என்று நினைத்து அத்தானைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வேண்டுவதை விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு விட்டேன் என்றும் சொல்ல முடியாது. குளிர் அதிகம், காலையில் திருநீறு பூசவில்லை. வெயில் வந்த பிறகும் பூசவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் துறையில் கோட்டயத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வாரம் முழுக்கச் செல் பிரிவதைப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு தேவாலயம் போவாள். இரண்டும் முட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். இரண்டும் வேறு வேறு நாளில்தானே வருகிறது என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

3

வன்னியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, பேராசிரியர்தான் கொடுத்தார். டெல்லிக் கோடையில் மற்ற மரமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும்போது, வன்னி மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லாத பாறையில் புதுத் தளிர் விடுகிறது. எப்போது விடுகிறது, எந்தக் கிளையில் முதலில், எவ்வளவு நாள் நிற்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். நம் ஊர்க் கரிசலிலும் வன்னி உண்டு. கோவில் வாசலில் நிற்கும், சுற்றிவிட்டுப் போவோம். அது எப்போது தளிர் விடுகிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கும்பிட்ட மரத்தை டெல்லிக்கு வந்துதான் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் பாறைக்காடு சர்க்கார் நிலம், அனுமதி வேண்டும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஒரு அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்ட குமாஸ்தா, மரத்தை வெட்டவா என்று கேட்டார். இல்லை என்றேன். நடவா? அதுவும் இல்லை, பார்க்க என்றேன். பார்ப்பதற்கு எங்களிடம் பிரிவு கிடையாது பெஹன்ஜி, வெட்டுவதற்கும் நடுவதற்கும்தான் உண்டு என்றார். கடைசியில் என் மனு நடுகிற பிரிவில் சேர்க்கப்பட்டு, நடாமல் இருக்க அனுமதி கிடைத்தது.

அங்கே இருந்த நாலைந்து வன்னிகளை எடுத்துக்கொண்டேன். பார்க்கிற கிளைகளுக்கு அடையாளம் வேண்டும். முதலில் அட்டை கட்டினேன், ஆடு தின்றது. தகரத் துண்டு கட்டினேன், பிள்ளைகள் கழற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளை நூல் கட்டினேன், வெயிலில் கிளையோடு கிளையாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டில் தடித்த நூல் ஏதாவது இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன். தாலிக்கயிறு மாற்றுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நூல்கண்டு அவள் டிரங்குப்பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னத்துக்கு என்று கேட்டாள். சொன்னேன். அந்த இரண்டாவது இழப்புக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஏளா, வன்னியில மஞ்சக்கயித்தக் கட்டிட்டு வந்தா சனம் சும்மா இருக்குமா?”

இது டெல்லி அக்கா, இங்கே யாருக்கு வன்னியைத் தெரியும் என்றேன். ஊரை விட்டு வந்த இரண்டு வருஷத்தில் எனக்கு அவ்வளவு தைரியம்.

4

முதலில் ஒரு மரத்தில் குங்குமப் பொட்டு. யாரோ விளையாட்டாக வைத்தது என்று துடைத்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அடியில் செங்கல் அளவுக்கு ஒரு கல், அதற்கு மஞ்சள், ஒற்றைச் செம்பருத்தி. மலை மந்திருக்கு வருகிற நம் ஆட்களின் கண்ணில் பட்டிருக்கிறது. மஞ்சள் கயிறு கட்டிய வன்னியைப் பார்த்துவிட்டு நம்மூர்க்காரர் எவர் சும்மா போவார்? பக்கத்தில் குவார்ட்டர் கட்டும் வேலைக்கு வந்திருந்த ராஜஸ்தானத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லவே தேவையில்லை. அவர்கள் ஊரில் இந்த மரம் நம் ஊரைவிடப் பெரிய சாமி. அவர்கள் சிவப்பு நூல் கட்டினார்கள். நம் பெண்கள் மஞ்சள் நூல் கட்டினார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை என்னுடையதாகத்தான் இருக்கும்.

நூலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றினார்கள். கட்டட வேலைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்துகொண்டு வந்து, வெயிலில் தாய் வாடுகிறாளே என்று வேரில் ஊற்றினார்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் மரம் எப்படித் தளிர்க்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமையானால் பாலும் வேறு.

ஒரு பலகை எழுதி வைத்தேன். இந்தியிலும் தமிழிலும், இது ஆராய்ச்சி மரம், தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. அடுத்த வாரம் பலகைக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

ஒரு மரத்தோடு நிற்கவில்லை. என் நூல் இருந்த மரம் எல்லாவற்றுக்கும் பக்தி பரவியது. பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மரத்தையும் கல்லையும் வெகுநேரம் பார்த்தார். ஈரமண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். மிஸ் அவ்தாய், உன் மரத்துக்கு இப்போது பக்தர்கள் இருக்கிறார்கள், தரவுகள் இல்லை என்றார். வன்னி விதைகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்துப் பார்க்கிற வேறு தலைப்புக்கு என்னை மாற்றினார். ஒரு வருஷ உழைப்பு அந்த ஈரமண்ணில் போயிற்று. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த சர்தாரிணி என்னவென்று கேட்காமல் ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள்.

5

நூல்களை அவிழ்த்துக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை, பல்கலைக்கழகத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போனேன். மரத்தை ஒருத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரத்தலை, நுனியில் முடிச்சு, ஒரு கை இடுப்பில். கோமதி அக்கா.

அக்கா மறுபடி உண்டாகியிருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். எழுந்து நடமாடக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளோ அத்தானும் நானும் வெளியே போன பிறகு, குலுங்கிக் குலுங்கிப் போகிற பஸ்ஸில் ஏறி, பாறையில் நடந்து வந்திருக்கிறாள். எத்தனை வாரமாகவோ. இந்தப் பிள்ளையும் போனால் அதற்கு நான் கட்டிய நூல்தான் காரணம் என்று மட்டும் தோன்றியது. கையைப் பிடித்து இழுத்துப் பாறை மேல் உட்காரவைத்தேன்.

இது நான் கட்டிய நூல், சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, நீ கொடுத்த நூல்கண்டு என்று கத்தினேன்.

“தெரியும்ளா. நாந்தான குடுத்தேன்” என்றாள் அக்கா. கொஞ்சமும் பதறவில்லை. “யாரு கட்டுனா என்ன? எனக்கு நிக்க ஒரு எடம் வேணும். ஆஸ்பத்திரில நின்னா நெஞ்சு அடிக்கி. இங்க வந்து நின்னா அடிக்கல.”

நீ வரக்கூடாது, வேண்டுமானால் உனக்குப் பதில் நான் சுற்றுகிறேன் என்றேன். அது வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான் நம்ப மாட்டியே.”

“நம்பலன்னா சுத்தக்கூடாதா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “காலுதான சுத்துது. சுத்து.”

நூலை அவிழ்க்கப் போனவள் நூலைத் தொடாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வெள்ளியிலிருந்து நான் சுற்றினேன். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், ஒரு தடவை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா படுத்துக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பாள், நான் தலையாட்டுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சில நாள் மரத்தடியில் நிற்கும்போது, வாய்க்குள் ஏதாவது சொல்லலாமா என்று இருக்கும். நம்பாதவள் வேண்டினால் அது பொய், அக்காவின் பிள்ளைக்காகப் பொய் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். என் நேர்மை அப்படி ஒரு விசித்திரமான இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

பனி கொட்டுகிற மாதத்தில் உமா பிறந்தாள். பூனைக்குட்டி அளவு. பிழைக்குமா பிழைக்காதா என்று பல நாள் இருந்து, பிழைத்தாள். இந்தத் தடவை டாக்டரம்மா சொன்ன இந்தி எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அக்கா படுக்கையோடு கிடந்து டாக்டர் சொன்னதைக் கேட்டதால் பிள்ளை தங்கியது என்பது என் கட்சி. அவள் படுக்கையில் நிம்மதியாகக் கிடந்ததே நான் சுற்றினேன் என்பதால்தானே என்று யாராவது கேட்டிருக்கலாம். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

6

குழந்தைக்கு மொட்டை போட்டு, மரத்தடியில் பொங்கல் வைத்து, அக்கா நேர்த்திக்கடனை முடித்தாள். ஒன்றரை அறைக்குள் குழந்தையும் நானும் சேர்ந்து இருக்க முடியாதென்று நான் விடுதிக்குப் போனேன். அதற்கப்புறம் வந்த முதல் வெள்ளிக்கிழமை, இனி வேலை இல்லை என்று காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

படுக்க முடியவில்லை. குழந்தைக்கு அப்போது லேசான சளி. இன்றைக்குப் போகாமல் இருந்து, இன்றைக்கு அது நெஞ்சில் இறங்கினால்? எழுந்து ஓடினேன். சளி சரியாயிற்று. எல்லாக் குழந்தைக்கும் சளி சரியாகத்தான் செய்யும். அடுத்த வாரம் தடுப்பூசி, அதற்கடுத்த வாரம் பல் முளைக்கிற காய்ச்சல். இந்த வாரம் மட்டும் என்று சொல்லிச் சொல்லியே போய்க்கொண்டிருந்தேன். உமா நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள். நான் ஒரு வெள்ளியும் விடவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். ஊருக்கு வந்தால்கூட ஒரு வெள்ளிக்கும் மறு வெள்ளிக்கும் நடுவில் வந்து திரும்பிவிட்டேன். நீங்களெல்லாம் அக்காவைவிட நான்தான் டெல்லிக்காரியாக மாறிவிட்டேன் என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

எந்த மாணவியாவது என்னிடம் வந்து, இதைச் செய்தேன், அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது என்று சொன்னால் விடுவேனா? செய்யாமல் இருந்து பார்த்தாயா என்று முதலில் கேட்பேன். விதைகளை அப்படித்தான் வைத்தேன். பாதிக்குத் தண்ணீர், பாதிக்குக் கிடையாது. முளைக்காமல் செத்த விதைகளுக்காக நான் அழுததில்லை. உமாவை எந்தப் பாதியில் வைப்பது?

அவள் தமிழ் பேசுகிற அழகு தனி. அம்மா சொல்வதெல்லாம் புரியும், பதில் பாதிக்கு மேல் இந்தியில் வரும். சித்தி, பந்தர் பார்த்தேன், பஹுத் படா என்று கையை அகல விரிப்பாள். குரங்கு என்று சொல்லு என்றால், ஊர்ல அது குரங்கு, இங்க பந்தர் என்பாள். எழுத்துக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் ஆனா ஆவன்னாவோடு ஓடிவிடுவாள். பெரியவளானாலும் இதை நான் தமிழில் எழுதியிருப்பதை அவளால் படிக்க முடியாது. அந்த வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருக்கிறது.

7

வேலைக்கு உத்தரவு வந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னென்ன கொண்டுபோக வேண்டும், அம்மாவுக்கு எந்தக் கம்பளி என்று அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் சம்மதம் எழுதிப் போடாமல் நாளைக் கடத்தினேன். பேராசிரியர் ஊரில் இல்லை, சான்றிதழ் வரவில்லை, ரயிலில் இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், அக்கா அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். யாராவது பையனைப் பார்த்து வைத்திருக்கிறாயா, பஞ்சாபியாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லு, அத்தானிடம் நான் பேசுகிறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, பஸ், மரம், எல்லாம்.

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“உமா பொறக்குறது வரைக்குந்தானளா ஒன்னச் சுத்தச் சொன்னேன்? பொங்க வச்ச அன்னைக்கே முடிஞ்சிட்டுன்னு தாய்கிட்டச் சொல்லிட்டனே.”

“நிப்பாட்டுனா என்ன ஆவும்னு தெரியலக்கா.”

“நம்பிக்கையும் கெடையாது. பொறகு இது என்னது?” என்று கேட்டாள். அவளே சொன்னாள்: “நீ சாமியப் போலீஸ்காரன்னு நெனச்சிட்டளா. எனக்கு அவ பெத்த தாய் மாதிரி. கோவம் வந்தாலும் பிள்ளையத் தொட மாட்டா.”

நம்புகிறவளுக்கு ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது. நம்பாத நான்தான் இத்தனை வருஷம் சுற்றியிருக்கிறேன். அதை அக்கா சொல்லிக் காட்டவில்லை, எனக்கே உறைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் இங்கே வந்துவிடு, என் கண் முன்னால் இரு, போகாதே என்றாள். சரி என்றேன்.

8

போன வெள்ளிக்கிழமை காலையில் கிட்வாய் நகர் போனால், உமா புதுச் சட்டையில் நிற்கிறாள். அன்றைக்கு அவள் வகுப்பை மிருகக்காட்சிசாலைக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், இன்றைக்கு மட்டும் போய்விட்டு வருகிறேன், அடுத்த வாரத்திலிருந்து நிறுத்திவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அக்கா உமாவின் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னாள்:

“அவ என் பிள்ளை. நான் சொல்லுதேன், போவாத.”

பள்ளிக்கூட பஸ்ஸில் உமாவை ஏற்றிவிட்டது அக்காதான். நான் மாடியிலிருந்து பார்த்தேன். டெல்லியில் பஸ்கள் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. பகல் முழுக்க ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தேன். அக்கா துணி துவைத்தாள், அரிசி புடைத்தாள், பக்கத்து வீட்டு அம்மாளோடு இந்தியில் சண்டை போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். உமாவின் பஸ் வரவில்லை. அத்தான் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். அப்போதும் வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன்.

ஆர்.கே.புரம் போகிற பஸ் வந்து என் முன்னால் நின்றது. இன்னும் வெளிச்சம் இருந்தது. போய்ச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். கண்டக்டர், ஜல்தி பெஹன்ஜி என்று அவசரப்படுத்தினார். படியில் ஒரு காலை வைத்தேன். இறைவன் இல்லை, மரம் கேட்காது, நூல் அக்கா கொடுத்தது. எல்லாம் தெரியும், காலை எடுக்க முடியவில்லை. அவ என் பிள்ளை என்று அக்கா சொன்னது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பெற்றவளே விட்டிருக்கிறாள், நான் யார் பிடிக்க? காலை எடுத்துக் கீழே வைத்தேன். கண்டக்டர் ஏதோ திட்டிவிட்டு மணியடித்தார். பஸ் போனது. என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் உமாவின் பஸ் வந்தது. டயர் வெடித்துவிட்டதாம். நடுவழியில் இறங்கி நின்றது மிருகங்களைவிட நன்றாக இருந்ததாகப் பிள்ளைகள் எல்லாரும் கத்திக்கொண்டே வந்தார்கள். ஷேர் தூங்கிட்டே இருந்துச்சு சித்தி, உட்டே இல்ல என்றாள் உமா. சிங்கம் எழுந்திருக்கவே இல்லையாம். நான் பிடித்த பிடியில் கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டு ஓடினாள்.

குவார்ட்டர் படிக்கட்டின் கடைசிப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உமா அவள் மேல் விழுந்து, மேலே ஓடிவிட்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறி, உதடு காய்ந்துபோயிருந்தது. அத்தான் மேலேயிருந்து, இனிமேலாவது ஒரு வாய் சாப்பிடு கோமதி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாமே என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

பயமே இல்லை, தாய் தொட மாட்டாள் என்றாயே என்று கேட்டேன்.

“பயமில்லன்னு எவ சொன்னா?” என்றாள் அக்கா. “பயந்துக்கிட்டேதான் விட்டேன். நீயும் அப்படியே விடு.”

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். கடைசித் தபால் எடுப்பதற்குள் உன் சம்மதக் கடிதத்தை எழுதிப் போடு என்று சொல்லிவிட்டு, சாப்பிட மேலே ஏறிப் போனாள்.